மாமா குட்டைக்குள் கட்டிய மீன் வீடு

எங்கள் மாமாவுக்கு வேலை போய்விட்டது என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. கான்ட்ராக்ட் முடிந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அது அம்மாவின் உத்தரவு. ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் கார் கதவுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்த மாமா, ஒரு தை மாதம் பேரிகைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கொல்லை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தோளில் துணிப்பை ஒன்று. கையில் காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் முந்நூறு மீன் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. வேலையை விட்டு வருகிறவன் இனிப்பு வாங்கி வரமாட்டான்தான், அதற்காக மீன் குஞ்சா வாங்கி வருவான் என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மாவைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் தம்பிக்குப் போக்கிடம் எங்கள் வீடு ஒன்றுதான். அதனால் அம்மா அவருக்குச் சோறு போட்டாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. மாமா வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவும் கம்பெனிக்காரர்தான், ஆனால் நிரந்தரம். செய்து முடித்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தள்ளி வைப்பது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். வாசலில் போட்ட கோலம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறிப் போய்க்கொண்டே, மிச்ச நேரத்தில் கொல்லையில் தக்காளியும் வைத்திருந்தார். அந்தத் தக்காளியின் உயிர் பண்ணைக்குட்டையில் இருந்தது. விட்டு விட்டு வரும் போர்வெல் தண்ணீரைப் பிடித்து வைக்க, கொல்லையின் மேட்டில் பள்ளம் தோண்டி, கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை அது. அந்த ஷீட்டை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் இன்னும் நாலு விரற்கடை உயரமாக வளர்ந்திருப்பேன். செருப்புக் காலோடு கரையில் ஏறினால் முதுகில் ஒன்று விழும்.

அந்தக் குட்டையில்தான் மாமா மீன் விட்டார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்த சமயத்தில் எங்கிருந்தோ நீர்க்காகங்களுக்குச் சேதி போய்விட்டது. தினமும் காலையில் நாலைந்து வந்து முங்கி முங்கித் தின்றன. ஏரி என்றால் மீன் ஒளிய சேறு இருக்கும், பாசி இருக்கும், வேர் இருக்கும். எங்கள் குட்டையோ கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வழவழவென்று இருந்தது. தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தின்பதில் நீர்க்காகத்துக்கு என்ன சிரமம்?

“மீனு ஒளிய எடம் வேணும் மாமா. மறைப்பு இல்லாத ஊட்டுல யாரு குடும்பம் பண்ணுவாங்க?” என்று மாமா அப்பாவிடம் கேட்டார். பிறகு அவரே வேலையில் இறங்கினார்.

பக்கத்துத் தோப்பில் மாமரங்களைக் கவாத்து செய்து போட்டிருந்த கிளைகளை இழுத்து வந்தார். தண்ணீரில் இலை அழுகினால் மீன் செத்துவிடும் என்று ஒரு இலை விடாமல் இருவரும் உருவினோம். பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட டயர்கள், வாய் உடைந்த சிமெண்ட் குழாய்கள் என்று ஊரில் யாருக்கும் வேண்டாதது எல்லாம் எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது. முதல் தடவை கிளைகளைக் கட்டித் தள்ளியபோது அவை முழுகவே இல்லை. பச்சை மரம் தானாக முழுகிவிடும் என்று மாமா அடித்துச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் எல்லாம் குட்டை நடுவில் மிதந்துகொண்டிருக்க, அப்பா கரையில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்தார். அந்த டீயை மாமா வாழ்நாளுக்கும் மறக்கவில்லை. அப்புறம் கல் வைத்துக் கட்டி, ஷீட்டுக்குக் கீறல் படாமலிருக்கச் சாக்குகளை மெத்தையாக மடித்துப் போட்டு, அதன்மேல் டயரும் குழாயும் கிளையுமாக ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினார். ஒரு வாரத்தில் குட்டைக்கடியில் மீன்களுக்கு ஒரு தெருவே உண்டாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மாமாவுக்குத் திருட்டு பயம் வந்தது. எங்கள் பக்கத்து ஏரிகளில் மீன் குத்தகைக்காரர்கள் வேலமுள்ளை வெட்டித் தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். திருட்டு வலை வீசுகிறவனின் வலை முள்ளில் மாட்டிக் கிழியும். அதையே மாமா இங்கேயும் செய்தார். ஏரிக்கு அடியில் மண், இங்கே அடியில் பிளாஸ்டிக் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. முள் கட்டைச் சாக்கில் சுற்றி, டயருக்குள் திணித்துத்தான் இறக்கினார். ஆனாலும் முள் என்ற சொல்லைக் கேட்டதுமே அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

“ஷீட்டுல ஒரு பொத்தலு உழுந்திச்சின்னா, அப்புறம் மீனும் இல்ல, நீயும் இல்ல” என்றார்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊரே மீன்களுக்கு வீடு கொடுக்கும்போது நான் மட்டும் சும்மா இருப்பதா என்று எனக்கு ஆற்றாமை. சின்ன வயதில் நான் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள், ஒரு சக்கரம் போய், துருப்பிடித்து, மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் அதை இழுத்துக்கொண்டு போய்க் குட்டையில் உருட்டிவிட்டேன். அது ஷீட்டில் கிரீச்சென்று வழுக்கிக்கொண்டு போய் முழுகியது. மீன்கள் அதில் உட்கார்ந்து ஓட்டும் என்று நினைக்குமளவு நான் முட்டாள் இல்லை. ஆனால் கைப்பிடிக்கடியில் ஒரு மீன் தூங்கும் என்று நம்பினேன்.

பத்து நாள் கழித்துக் குட்டையில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

வேறு யாராவது இருந்தால் வெயில் என்று விட்டிருப்பார்கள். அப்பா தண்ணீர்க் குழாயில் பெயிண்டால் கோடு போட்டு, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, தினக் கணக்கை மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதினார். தக்காளிக்குப் பாய்ச்சியது, வெயிலில் போனது எல்லாம் கழித்தும், இடையில் சில நாள் தவிர, நாளுக்கு ஒரு விரற்கடை தண்ணீர் எங்கேயோ போனது. அளவு பொய் சொல்லாது என்றார் அப்பா. எனக்கோ காதில் அந்தக் கிரீச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு முட்டைகூட இறங்கவில்லை.

இதற்கு நடுவே பெரியப்பா வேறு. அப்பாவின் அண்ணன். எங்கள் குட்டைக்குக் கீழே பள்ளத்தில் அவர் கொல்லை. பாகம் பிரித்தபோது ஒரு வரப்பு யாருக்கு என்று வந்த தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை போடுவது தெலுங்கில், பேரம் பேசுவது கன்னடத்தில், பேசாமல் இருப்பவர்கள் பேசுவது மாட்டோடு. மாட்டுக்குச் சொல்கிற மாதிரி பங்காளிக்குச் சொல்ல வேண்டும். அந்த மாசியில் பெரியப்பாவின் போர் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்தது என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு இரண்டு கறவை மாடுகளும் கொஞ்சம் பட்டன் ரோஜாவும்தான் பிழைப்பு. பெரியம்மா குடத்தோடு அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் குட்டை குறைய ஆரம்பித்த அதே சமயம் அவர் தொட்டியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. விடியக்காலையில் போர் கொஞ்சம் சுரக்கிறதாம்.

“குடிம்மா, நல்லா குடி. நம்ம போரு இன்னும் சாவல. பிளாஸ்டிக்கு விரிச்சி தண்ணி புடிச்சி வச்சவங்களுக்குத்தான் நிக்க மாட்டேங்குதாம்” என்று பெரியப்பா மாட்டிடம் சொன்னது எங்கள் கொல்லையின் கடைசி தக்காளிச் செடிவரை கேட்டது.

அப்பாவுக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்ட ஒரு நிமிஷம் ஆகவில்லை. முள் குத்தி ஷீட் ஓட்டை. ஓட்டை வழியாகத் தண்ணீர் பூமிக்குள் இறங்கி, அண்ணனின் போரில் ஊறுகிறது. மச்சான் போட்ட முள்ளால் பங்காளி மாடு வளர்க்கிறான். தண்ணீர் போனதைவிட அது போன இடம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை மாமாவைக் கூப்பிட்டுத் தீர்ப்பு சொன்னார். நாளைக்குள் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை மோட்டார் வைத்துக் குட்டையைக் காலி செய்து ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பது. மீன்களை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். மாமாவும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா நேராக மோட்டார் ரூமுக்குப் போய்ச் சுவரில் இருந்த கணக்கை வெகுநேரம் பார்த்தார். நானும் கூடப் போனேன், சைக்கிள் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று. தண்ணீர் குறைந்த நாளையும் குறையாத நாளையும் அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“பாப்பா, ஓட்டைக்குக்கூட ஷிப்டு இருக்குது போல” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்ல வந்ததையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா குட்டையில் இறங்கினார். ஷீட் குட்டையில் இறங்குவது விளையாட்டு இல்லை. ஆழம் ஒன்றரை ஆள்தான். ஆனால் வழவழப்பான ஈர பிளாஸ்டிக்கில் கால் நிற்காது, நீச்சல் தெரிந்தவனும் ஏற முடியாமல் போய்விடுவான். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார். என் கையில் ஒட்டுவதற்கான ஷீட் துண்டும், தண்ணீருக்குள்ளேயே பிடிக்கும் பசையும் இருந்தன. முதல் முங்கில் ஒன்றும் இல்லை என்று கை ஆட்டினார். இரண்டாவது முங்கிலும் இல்லை. மூன்றாவது தடவை உள்ளே போனவர் வரவில்லை.

கயிறு தொய்ந்து கிடந்தது. ஒரு குமிழி வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. கிளைகளுக்குள் மாட்டிக்கொண்டாரோ, அந்த முள்ளிலேயே சிக்கிக்கொண்டாரோ என்று அப்பா முகத்தில் தெரிந்தது. அவர் கயிற்றை இழுத்தார், அது எதிலோ சிக்கி நின்றது. எனக்கு என் சைக்கிள்தான் கண்ணில் நின்றது. அதன் கைப்பிடியில் மாமாவின் கால் மாட்டியிருக்கும், நான்தான் மாமாவைக் கொன்றேன் என்று முடிவே செய்துவிட்டேன். பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்பா, நான்தான்...” என்று நான் கத்தினேன். அதே நேரத்தில் அம்மா ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்து, “வேணாங்க, மேல இழுங்க, நான் சொல்றேன், நான்...” என்று அழ ஆரம்பித்தாள்.

தண்ணீர் பிளந்து மாமாவின் தலை வெளியே வந்தது. மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே வாய் திறந்துவிட்டார்.

“முள்ளு மாமா! முள்ளுதான்! நான் போட்ட முள்ளுதான் குத்தியிருக்குது, ஓட்டை ஆப்டுச்சி!”

அப்பா கயிற்றை விடாமல் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டை கிடைத்ததற்காக உட்கார்ந்தாரா, ஆள் கிடைத்ததற்காக உட்கார்ந்தாரா என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் இப்போது சொல்வேன். மாமா என்னிடமிருந்து ஷீட் துண்டையும் பசையையும் வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை முங்கி, வெறுங்கையோடு வந்தார். அடைத்தாயிற்று என்றார். மீன் எல்லாம் கிளைக்குள்ளே கல்யாண மண்டபம் மாதிரி கூடி நிற்கிறது, ஒன்றுக்கும் கவலையில்லை என்றார். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

மூன்று நாள் அப்பா அளந்தார். பாய்ச்சியதும் வெயிலில் போனதும் போக ஒரு மயிரிழை குறையவில்லை. நாலாவது நாள் ஷிப்டு முடிந்து வரும்போது பாய் கடையில் பிரியாணி வாங்கி வந்து, பெரிய பொட்டலத்தை மாமா பக்கம் தள்ளினார். வேறு இடம் பார்க்கும் பேச்சு அதோடு போயிற்று. அப்பாடா என்று அந்த வீடே மூச்சு விட்டது. எல்லோரையும்விட அதிகமாக மூச்சு விட்டது நான்தான். ஏனென்றால் குட்டையில் இறங்கிய அன்று சாயங்காலமே மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, “உன் வண்டியப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல” என்று கண்ணடித்திருந்தார். ஆக, ஷீட்டைக் கிழித்தது என் சைக்கிள். எனக்காக மாமா பழியைத் தன் முள்ளின்மேல் போட்டுக்கொண்டார். இதைப் புரிந்துகொள்ளுமளவு நான் கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நன்றிக்கடனாக வீட்டில் எனக்கு வைக்கும் முட்டையை ஒரு வருஷம் மாமாவின் தட்டுக்குத் தள்ளினேன். அவரும் ஏன் என்று கேட்காமல் தின்றார்.

அடுத்த வாரம் மாமா இன்னொரு யோசனை சொன்னார். மீன் வளரும் குட்டையில் அடித் தண்ணீர் கெட்டுப்போகும், வாரம் ஒரு முறை கொஞ்சம் வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும் என்றார். எங்கே விடுவது? பள்ளம் இருக்கும் பக்கம்தான் விட முடியும். பள்ளத்தில் இருப்பது பெரியப்பாவின் கொல்லை. மீன் கழிந்த தண்ணீர் அண்ணன் கொல்லைக்குப் போகும் என்பதில் அப்பாவுக்கு ஒரு திருப்தி வந்துவிட்டது. ஞாயிறுதோறும் அவரே டியூப் போட்டு விட்டார். பெரியப்பா மாட்டிடம், “குடிம்மா, மீனு தண்ணியாம், சத்து” என்றார். டியூப் தொட்டிக்குள் சரியாக விழுகிறதா என்று அப்பா வரப்பில் நின்று பார்த்ததையும், நிரம்பியதும் ரோஜாப் பாத்திக்கு நகர்த்தி வைத்ததையும் நான் அவமானப்படுத்துவதில் ஒரு நுணுக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஷீட் பழசாகி, மூன்று வருஷத்துக்கு முன் மாற்றினார்கள். நான் இப்போது ஓசூரில் ஷிப்டு போகிறேன். மாமா சூளகிரி பக்கம் நாலைந்து பேருடைய குட்டைகளில் மீன் வளர்க்கிறார், அவருக்கே இரண்டு பிள்ளைகள். ஷீட் மாற்றிய சமயம் லீவில் போயிருந்த நான் காலியான குட்டைக்குள் இறங்கினேன். என் சைக்கிள் சாக்கு மெத்தையின்மேல் பத்திரமாகச் சாய்ந்து நின்றது, மாமாதான் அன்று தூக்கி வைத்திருக்க வேண்டும். அடியில் ஷீட்டில் ஒரு கீறல் இல்லை. முள் கட்டு இருந்த இடத்திலும் இல்லை. எங்கேயும் ஒட்டு இல்லை. ஒரு டயருக்கடியில் அந்த ஷீட் துண்டு நான் மடித்துக் கொடுத்த மடிப்போடும், பசை டப்பா திறக்கப்படாமலும் கிடந்தன.

அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாடு இரண்டும் நாக்கு வறண்டு கத்துவதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? பெரியம்மாவும் அவளும் பேசி வைத்துக்கொண்டார்கள். அப்பா காலை ஷிப்டுக்குப் போன பிறகோ, ராத்திரி ஷிப்டிலிருந்து வருவதற்கு முன்போ, விடியும் நேரத்தில் அம்மா டியூபின் முனையை வாயால் உறிஞ்சிப் பள்ளத்துக்கு விட்டுவிடுவாள். போர் சுரக்கிறது என்று பெரியப்பாவிடம் சொன்னது பெரியம்மா. அப்பா காலையில் வீட்டில் இருக்கும் மதிய ஷிப்டு வாரத்தில் மட்டும் தண்ணீர் குறையாது. சுவரில் இருந்த கணக்கு அதைத்தான் சொல்லியது, மாமா அதைத்தான் படித்தார். ஓட்டை இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமை குட்டை காலியாகும், தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வி அக்காவிடம் வந்து நிற்கும். அதனால் இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்து, தன் முள்ளின் தலையில் கட்டி, அடைத்தும்விட்டார். ஏற்கெனவே வேறு இடம் பார் என்று வாசலில் நிறுத்தப்பட்டிருந்த மனுஷன், குற்றத்தையும் தானே எடுத்துக்கொண்டார்.

அன்று கரையில் இரண்டு பேர் ‘நான்’ என்று வாய் திறந்தோம். மாமா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து இரண்டு பேரையும் பேசவிடாமல் செய்தார். அம்மா எதற்கு அழுதாள், அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அன்றும் கேட்கவில்லை, அப்புறம் இத்தனை வருஷமும் கேட்கவில்லை. அவர் மூச்சுக்கூட வாங்காமல் கத்தியது எனக்காகத்தான் என்று நினைத்து, முட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன்.